பதினாலாவது சிரிப்பு

நிரஞ்சன் பிரியாணி தின்றுவிட்டுத் திரும்ப எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் அவனை என்ன செய்வது என்று ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சேர்மக்கனி டப்பிங் தியேட்டரின் சோபாவில் காலை நீட்டினான். சாலிகிராமத்துச் சந்து ஒன்றில் மாடியில் இருந்த அறை. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த துணி, நடுவில் மைக், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் பெனட் டிபன் கேரியரைத் திறந்து புளிக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். வாசனை வரவில்லை, சத்தமும் வரவில்லை, அவர் வாய் மட்டும் அசைந்தது. ஏசி முழங்காலுக்குள் புகுந்து குடைந்தது. காலையிலிருந்து இவன் பதிமூன்று தடவை சிரித்தாகிவிட்டது. தொண்டை காந்துகிறது, பிளாஸ்க்கில் தேன் கலந்த வெந்நீர் இருக்கிறது, எழுந்துபோய் ஊற்றிக் குடிக்க மனமில்லை. படம் 'ரெண்டு இழுப்பு', இரண்டாம் பாகம். கஞ்சா அடித்துவிட்டு இரண்டு நண்பர்கள் செய்கிற கூத்து. முதல் பாகத்தில் ஒரு கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், இதில் பாங்காக் போகிறார்கள். நண்பர்களில் ஒருவன் சிவப்பு, அவன் ஹீரோ, ரிஷாந்த். மற்றவன் கறுப்பு, அது இவன், படத்தில் பெயர் தாரு. ரோட்டுக்குப் போடுகிற தார்தான், வேறொன்றுமில்லை. ஹீரோ கறுப்பைச் சொல்லி ஒரு போடு போடுவான், இவன் ஈயென்று சிரிப்பான், ஜனம் உருளும். அந்த மாதிரி பதினாலு இடம். ஒன்று மிச்சமிருக்கிறது. "அந்தச் சிரிப்பை மட்டும் சாப்பிட்டு வந்து தெம்பா எடுத்துருவோம்ணே, அதான் படத்துக்கே உயிரு" என்று சொல்லிவிட்டுத்தான் டைரக்டர் நிரஞ்சன் தன் உதவி டைரக்டர்கள் நாலு பேரையும் ஓட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தான். உயிராம். யார் வீட்டு உயிர் என்று அவனுக்கு யார் சொல்வது. இருபத்தெட்டு வயசு. தயிரில் போட்டு ஊறவைத்த நிறம். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன்தான், அதை இல்லையென்று சொல்லக் கூடாது. ஆடு வெட்டுகிறவனும் ஆட்டுக்குத் தழை காட்டித்தான் கூப்பிடுகிறான்.

முதல் பாகத்தில் கரண்ட் போன கல்யாண மண்டபத்தில் ஹீரோ, "டேய் தாரு, பல்லைக் காட்டுடா, நீ எங்க நிக்கிறன்னு தெரியட்டும்" என்பான். இருட்டில் இவன் பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும், கூடவே சிரிப்பு. அவ்வளவுதான் சங்கதி. நாலு விநாடி. ஆனால் அது படத்தை விட்டு இறங்கி ஊருக்குள் போய்விட்டது. டீக்கடையில் பல்லைக் காட்டு, பெட்ரோல் பங்கில் பல்லைக் காட்டு, கோவில்பட்டியில் மாமனார் செத்து நடுவீட்டில் கிடக்கும்போது பந்தல்காரன் போனை நீட்டிக்கொண்டு, "சார், ஒரே ஒரு தடவை பல்லைக் காட்டுங்க" என்றான். காட்டினான். பிணத்துக்குப் பத்தடி தள்ளி நின்று காட்டினான். தொழில் என்று வந்துவிட்டால் மாமனாரென்ன மச்சானென்ன. சரி, இவன் காட்டிப் பிழைக்கிறவன், காட்டினான். மகள் செண்பகம் என்ன செய்தாள்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்போது. வகுப்பில் படம் போட்டுப் பாடம் நடத்த லைட்டை அணைத்தால் போதும், பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், செண்பகம் பல்லைக் காட்டு. டீச்சரும் சிரித்தாளாம். டீச்சரும் டிக்கெட் வாங்கிப் பார்த்தவள்தானே. மூன்று வருஷம். இப்போது நாலாம் வகுப்பு. போன வாரம் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ வந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் பல் தெரிய நிற்கிறார்கள், ஒன்று மட்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நிற்கிறது. அதை உற்றுப் பார்க்கப் பார்க்க இவனுக்கு வேறொன்று புரிந்தது. பால்பல் விழுந்து முளைத்த புதுப் பல்லை இவன் இன்னும் பார்க்கவே இல்லை. பல் டாக்டர் பார்த்திருக்கிறார். பெற்ற தகப்பன் பார்க்கவில்லை. சிரிப்பு வந்தால் அவள் அடுத்த ரூமுக்குப் போய்விடுகிறாள், அல்லது புறங்கையை வாயில் வைத்துக் கடிக்கிறாள். ஏதோ கெட்ட பழக்கம் என்று நினைத்து ஒரு தடவை கையைத் தட்டிவிட்டுக்கூட இருக்கிறான், பாவி. பெண்டாட்டி பேச்சி போட்டோவைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஒங்க சிரிப்புதான் புள்ள வாயத் தச்சுப் போட்டுருக்கு" என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை, ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னாள். சண்டை போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம்.

ஆகவே நிரஞ்சனை ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது? அவன் காபியில் பேதி மாத்திரையைக் கலக்கலாம். சின்னப்பிள்ளைத்தனம், ஆனால் நினைக்க நினைக்க இதமாக இருந்தது. அவனைக் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் சித்திரை மாசம் உச்சிவெயிலில் தீப்பெட்டிக் குச்சி காயவைக்கிற களத்தில் நாற்பது நாள் சட்டையில்லாமல் நிறுத்தலாம். முதல் வாரம் சிவப்பான், இரண்டாம் வாரம் உரிவான், அப்புறம் ஒரு நாள் இருட்டில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் பாட்டு வெளியீட்டு விழாவில் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாம். அதுதான் முறை. மைக்கைப் பிடித்து, தம்பி, உங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளையை இருட்டில் நிறுத்தி என்று ஆரம்பித்தால். ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஜனம் சிரிக்கும். தாரு காமெடி பண்ணுகிறான் என்று கைதட்டும். இவன் அழுதால் இன்னும் சிரிக்கும். இந்த மூஞ்சிக்குக் கோபம் வராது என்று மூன்று வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன் இவன்தானே. அப்புறம் இன்னொரு பயம், அதை நெஞ்சு நேராகப் பார்க்க மாட்டேனென்கிறது. நாளைக்கே தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வந்தால், கறுப்பாய் ஒல்லியாய்ச் சிரிக்கிறவன் வேண்டுமென்றால் வடபழனிப் பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நிற்கிறான், முப்பது பேர். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் சேர்மக்கனி யார்? ஒன்பது வருஷம் பின்னால் நின்று தட்டேந்தியவன். பொணமாக நடித்தவன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இன்றைக்கு விட்டால் நாளைக்கு இந்தச் சூடு இருக்காது, இதுவும் தெரிகிறது, அதுவும் தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய.

இத்தனைக்கும் அந்தச் சிரிப்பை நிரஞ்சன் கண்டுபிடிக்கவில்லை. அது ஐந்தாம் வகுப்பில் பிறந்தது. கணக்கு வாத்தியார் போர்டைத் துடைக்கச் சொல்லி இவனைக் கூப்பிட்டு, பாதி துடைத்ததும், "எலே, போர்டு எது, நீ எதுன்னு தெரியலயே" என்றார். வகுப்பு வாயைத் திறப்பதற்குள் இவன் சிரித்துவிட்டான். ஏன் என்று தெரியவில்லை, வந்துவிட்டது. எல்லாருக்கும் முந்திச் சிரித்தால் அடி பாதிதான் வலிக்கிறது என்று அன்றைக்குப் படித்த பாடம், கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அந்த ஒரு பீரியடில் படித்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் முந்திச் சிரித்தான், முதல் சான்ஸ் கேட்டுப் போன ஆபீசில் முந்திச் சிரித்தான். அது கேடயமாகத்தான் இருந்தது. கேடயத்தை வாங்கிப் படத்தில் போட்டுக் காசாக்கியது நிரஞ்சன், போடக் கொடுத்தது யார். இங்கே வந்து யோசனை சிக்கிக்கொள்கிறது. இன்னொரு ஆள் வந்து நிற்கிறான் குறுக்கே. இமானுவேல். நைஜீரியாக்காரன், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலேஜில் மருந்துப் படிப்பு. பாங்காக் ஏர்போர்ட்டில் இவனையும் கடத்தல்காரன் ஒருவனையும் அண்ணன் தம்பி என்று நினைத்து ஒன்றாகப் பிடித்துவைக்கிற சீன். அந்தக் கடத்தல்காரன் வேஷம். ஆப்பிரிக்காக்காரன் என்றால் கடத்தல்காரன், வேறென்ன வேலை கொடுப்பார்கள் நம் ஆட்கள். அவன் செட்டுக்குள் வந்ததும் சேர்மக்கனிக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. அப்பாடா, நம்மை விடக் கறுப்பாய் ஒருத்தன். டேக்கில், பேப்பரில் இல்லாத வசனத்தை இவனே வாயில் வந்ததென்று அடித்துவிட்டான். "சார், நான் வெயில்ல நின்ன கறுப்பு, இவன் அடுப்புலயே வெந்த கறுப்பு." செட்டே விழுந்து விழுந்து சிரித்தது, நிரஞ்சன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். ஆனால் முதலில் சிரித்தது இமானுவேல். லைட்மேன்களுக்கும் முந்தி, டைரக்டருக்கும் முந்தி, பட்டென்று, பல் அத்தனையும் தெரிய. அந்தச் சிரிப்பை இவனுக்குத் தெரியும். எங்கே பிறந்ததென்று தெரியும். டீ இடைவேளையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடையில் பழகிய தமிழில், "அண்ணா, அந்த ஜோக் எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டான். நையாண்டி இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இவன் என்ன பதில் சொன்னான்? பிஸ்கட் எடுத்துக்க என்றான். அதே வசனத்தை இன்று காலையில்தான் கணீரென்று டப்பிங் பேசி முடித்தான், ஒரே டேக். பழி வாங்கப் புறப்பட்டவனுக்குத் தன் முதுகு தெரியாது. இல்லை, அது வேறு, இது வேறு. வேறா? வெந்நீரை ஊற்றிக் குடித்தான், நாக்கு சுட்டது.

திரையில் அடுத்து எடுக்க வேண்டிய இடம் அசையாமல் நின்றது. ஒரே வெள்ளை. காருக்குள் ஹீரோவும் இவனும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இழுத்து இழுத்துப் புகையால் நிரப்பிவிடுகிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியவில்லை, அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற வசனம் மறுபடி வருகிறது. கஞ்சாவாவது மண்ணாவது, எல்லாம் புகை மிஷின். அன்றைக்கு நிரஞ்சன் மானிட்டரில் பார்த்துக்கொண்டு இன்னும் புகை, இன்னும் புகை என்று கத்திக்கொண்டே இருந்தான், கேமராமேன் மூஞ்சியே தெரியலையே என்றதற்கு, அதான் சார் காமெடியே என்றான். மூஞ்சி தெரியவில்லை. சேர்மக்கனி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூஞ்சி தெரியவில்லை என்றால் உதடு தெரியவில்லை. உதடு தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், இது டப்பிங்கில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், பின்னால் திரும்பி நிற்கிற ஆளுக்குப் புதுக் கதையே சொல்லிவிடுவார்கள். பல்லும் தெரியவில்லை. ஜனத்துக்கு அந்த இடத்தில் கேட்கப்போவது இவன் சிரிப்பு மட்டும்தான், பதினோரு விநாடி. அந்தச் சிரிப்பு வந்தால்தான் அது ஜோக், இவனே சிரிக்கிறானே நமக்கென்ன என்று ஊர் சிரிக்கும். வராவிட்டால்? வராவிட்டால் புகைக்குள் ஒருத்தன் இன்னொருத்தனைக் கேவலமாகப் பேசுகிறான், அவ்வளவுதான். அதன் பிறகு ஹீரோவுக்கு என்ன வசனம்? சிரிப்புக்கு நடுநடுவே, டேய், டேய், எங்கடா இருக்க, விளையாடாத. ரிஷாந்த் போன வாரமே பேசிவிட்டு ஜார்ஜியாவுக்குப் பாட்டு எடுக்கப் போய்விட்டான். நாளைக்குக் காலையில் படம் சென்சாருக்குப் போகிறது. அவன் பேசினது பேசினதுதான். இத்தனை நாள் மூளையைக் கசக்கியும் கிடைக்காதது எதிரே வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

எழுந்துபோய் மைக் முன்னால் நின்றான். "பெனட் சார், கேக்குதா?"

"கேக்குது, சொல்லுங்க." பெனட் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் கெளம்புறதுக்கு முன்ன, காலைல எடுத்த ஏர்போர்ட் சீனை இன்னொரு தடவ எடுக்கணும். அந்த அடுப்பு வசனம்."

"நல்லாத்தான வந்துருக்கு."

"நல்லா வந்துருக்கு. அதான் மாத்தணும்."

பெனட் ஒரு தரம் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு சீட்டில் எழுதி மேஜை விளக்கில் ஒட்டிக்கொண்டார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் கூட்டம் வந்துவிட்டது. நிரஞ்சன் வாயில் பீடா. உதவி டைரக்டர்கள் நாலு பேரும் சிரிக்கத் தயாராக மூஞ்சியை வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றார்கள். "போலாமாண்ணே?" என்றது ஸ்பீக்கர். இவன் தலையசைத்தான். படம் தெரிவதற்காக இந்தப் பக்கத்து விளக்கை அணைத்தார்கள். ஒன்பது வருஷம் தட்டேந்தினது ஞாபகம் வந்தது, முப்பது பேர் நிற்கிற வரிசை ஞாபகம் வந்தது, மடித்துவைத்த ஒரு உதடு ஞாபகம் வந்தது. திரை அசைந்தது. புகை. ஹெட்ஃபோனில் ஹீரோவின் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து சொன்னது, டேய் தாரு, பல்லைக் காட்டுடா, நீ எங்க இருக்கன்னு தெரியட்டும்.

"காட்ட மாட்டேன்," என்றான் சேர்மக்கனி. கோபப்பட்டுச் சொல்லவில்லை, மைக்குக்கு நெருங்கிப் போய்த் தாழ்வாகச் சொன்னான். "தேடு."

பிறகு வாயை மூடிக்கொண்டான். மூச்சுகூட விடவில்லை. புகைக்குள்ளிருந்து ஹீரோ கூப்பிட ஆரம்பித்தான். டேய். டேய். எங்கடா இருக்க. விளையாடாத. டேய் தாரு. பதினோரு விநாடி அவ்வளவு நீளம் என்று இவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை புகைக்குள் வழி தெரியாமல் கெஞ்சுகிறது, பதில் சொல்ல ஆளில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிக்க எடுத்த வாய்கள் பாதியில் நின்றன.

"அண்ணே, சிரிப்பு வரலண்ணே."

"வராது."

"என்னண்ணே, பேய்ப்படம் மாதிரி இருக்கு. பேப்பர்ல இருக்கறதப் பேசுங்கண்ணே."

"சிரிக்க முடியல தம்பி. எம்புள்ள மூணு வருசமா சிரிக்கல. கரண்டு போனா போதும், அவளையும் இதத்தான் கேக்குறாங்க, பல்லக் காட்டுன்னு. நான் இப்பத்தான் கவனிச்சேன்."

"சும்மா ஜாலிக்குத்தானண்ணே எழுதினேன். யாரையும் மனசுல வெச்சு எழுதல."

"தெரியும். எங்களையும் மனசுல வெச்சிருந்தா எழுதிருக்க மாட்ட."

நிரஞ்சன் பெனட் பக்கம் திரும்பினான். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டதால் பேச்செல்லாம் இந்தப் பக்கம் கேட்டது. காலையில் எடுத்த சிரிப்பு ஒன்றை எடுத்து ஒட்டச் சொன்னான். அதெல்லாம் மூணு செகண்டு சார், இங்க பதினோரு செகண்டு, ஒட்டினா ஒட்டினது தெரியும் என்றார் பெனட். அப்படியானால் முதல் பாகத்தில் இருந்து எடுங்கள். அது மண்டபத்து ஜனம் கத்தின சத்தத்தோட கலந்திருக்கு சார், தனியா வராது. நிரஞ்சன் வாயிலிருந்த பீடாவைக் குப்பைக்கூடையில் துப்பினான். தமிழ் சினிமாவில் டைரக்டர் ஆனவனுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாருக்கும் எல்லாவற்றையும் தானே செய்து காட்டுவான். கதாநாயகிக்கு வெட்கப்படச் சொல்லித் தருவான், கிழவிக்கு ஒப்பாரி சொல்லித் தருவான். "சிரிக்கறது ஒரு பெரிய வித்தையா? இருமிக்கிட்டே சிரிக்கணும், அவ்ளோதான். குரல் அப்புறம் மாத்திக்கலாம். நானே தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

சேர்மக்கனி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு எட்டு தள்ளி நின்றான். வெளியே போகவில்லை. விளக்கு அணைந்தது, புகை ஓடியது. முதல் தடவை நிரஞ்சன் வசனம் முடிவதற்குள்ளேயே சிரித்துவிட்டான். இரண்டாம் தடவை வசனம் முடிந்து நேரம் போன பிறகு ஒரு சத்தம் வந்தது, மீன்முள் சிக்கினவன் சத்தம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொல்லி வைத்ததில்லை. இருட்டில் நிற்கவைத்துக் காதுக்குள் ஒருத்தன் கேவலமாகப் பேச, அதற்குப் பட்டென்று சந்தோஷமாகச் சிரிக்க வேண்டுமானால் ஐந்தாம் வகுப்பிலிருந்து பழகியிருக்க வேண்டும். மூன்றாம் தடவை அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு முயற்சி செய்தான், இருமல் வந்தது, சிரிப்பு வரவில்லை. "இருட்டுல ஒரு மாதிரி இருக்குண்ணே" என்றான். "இருக்கும்" என்றான் இவன். நாலாம் தடவை அவன் வாய் திறந்து பல் தெரிந்தது, சத்தமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் உதவி டைரக்டர்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். டேக்குக்காக ஸ்பீக்கரை அணைத்திருந்ததால் இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் அவர்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அவன் காது மடல் சிவந்தது அந்த இருட்டிலும் தெரிந்தது, சிவப்புத் தோலில் ஒளிக்க முடியாது.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். "போதும்ணே. நீங்க பேசினதையே வெச்சுக்கலாம்."

கேட்டது கிடைத்துவிட்டது, நல்ல மனுசனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். சேர்மக்கனி அவன் கையிலிருந்து ஹெட்ஃபோனை வாங்கி, அவன் தலையிலேயே மறுபடி மாட்டி, இரண்டு காதும் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மைக் பக்கம் குனிந்து பெனட்டிடம், "ஒன் மோர்" என்றான்.